இந்தியா, வங்கதேசம், பூட்டான், நேபாளம்: எல்லை கடக்கும் சரக்குப் பாதைகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்காசியாவின் கிழக்குப் பகுதியில் நான்கு நாடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன. அவற்றுக்கிடையே சாலைகள் உண்டு. பல இடங்களில் ரயில் பாதையும் ஆற்று வழியும்கூட உண்டு. இருந்தும் ஒரு நாட்டின் சரக்கு அடுத்த நாட்டுக்குள் சென்று சேர்வது இன்னும் கடினமாகவே இருக்கிறது. இதுபற்றி வணிகர்களும் மாணவர்களும் பொதுவாக எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் கீழே தரப்பட்டுள்ளன.

வணிகப் பெருவழி என்று சொல்வது நல்ல சாலையைத்தானா?

சாலை அதில் ஒரு பகுதி மட்டுமே. ஒரு தொழிற்சாலையின் வாசலில் ஏற்றப்பட்ட சரக்கு, வேறொரு நாட்டின் கிடங்கில் இறக்கப்படும் வரை கடக்க வேண்டிய அனைத்தும் பெருவழிக்குள் அடங்கும். சாலை, பாலம், ரயில் தடம், துறைமுகம் ஆகியவை கண்ணுக்குத் தெரிபவை. சுங்க ஆவணம், லாரியின் பெர்மிட், ஓட்டுநரின் உரிமம், காப்பீடு, அச்சு எடை வரம்பு, உணவுப் பொருளுக்கான ஆய்வகச் சான்று ஆகியவை கண்ணுக்குத் தெரியாதவை. முதல் வகைக்குப் பணம் இருந்தால் போதும். இரண்டாம் வகைக்கு அண்டை நாடுகளின் அலுவலகங்கள் ஒன்றையொன்று நம்பி ஒரே விதியை ஏற்க வேண்டும். இந்த வட்டாரத்தில் பணிகள் தேங்கிக்கிடப்பது பெரும்பாலும் இரண்டாம் வகையில்தான் என்பதே இந்தப் பக்கத்தின் அடிப்படைக் கருத்து.

கொல்கத்தாவிலிருந்து அகர்தலாவுக்கு ஏன் இவ்வளவு சுற்று?

வரைபடத்தைப் பார்த்தால் திரிபுராவின் தலைநகரான அகர்தலா வங்கதேச எல்லையோடு ஒட்டியிருப்பது தெரியும். ஆனால் கொல்கத்தாவில் புறப்படும் லாரி, வடக்கே சிலிகுரிக்குச் சென்று, மிகக் குறுகிய இடத்தில் 22 கிலோமீட்டர் அளவே அகலமுள்ள நிலத்துண்டைக் கடந்து, அசாமைச் சுற்றி, 1,600 கிலோமீட்டர் அளவுக்கு ஓடித்தான் அகர்தலாவை அடைகிறது. வங்கதேசத்தின் குறுக்கே சென்றால் இதில் மூன்றில் ஒரு பங்கு அளவே போதுமானது.

இந்தச் சுற்று இயற்கையாக அமைந்ததன்று. பிரிட்டிஷ் காலத்தில் அசாமின் தேயிலை, அசாம் வங்க ரயில்வேயின் தடத்தில் சிட்டகாங் துறைமுகத்துக்கு இறங்கியது. 1947-ல் கோடு கிழிக்கப்பட்ட பின்னரும் இந்தியாவுக்கும் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானுக்கும் இடையே ரயிலும் படகும் ஓடிக்கொண்டிருந்தன. 1965 போர்தான் அவற்றை நிறுத்தியது. வங்கதேசம் பிறந்த பிறகு, 1972-ல் உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக்கான உடன்படிக்கை கையெழுத்தானது. அது இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. ரயில் தடங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பத் திறக்கப்படுவதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது. அவற்றில் ஒன்றான, மேற்கு வங்கத்தின் ஹல்திபாரியையும் வங்கதேசத்தின் சிலாஹாட்டியையும் இணைக்கும் தடம் 2020 டிசம்பரில் மறுபடி திறக்கப்பட்டது. ஆகவே இன்று புதிய இணைப்பு என்று விழா எடுப்பவற்றில் பல, பழைய இணைப்பை மீட்பதுதான். நாம் புதிதாக எதையோ கேட்பதுபோல் பேசும் அதிகாரிகள் இந்த வரலாற்றை நினைவில் கொண்டால் நல்லது.

பெட்ராபோல்–பேனாபோல் எல்லையில் ஒரு லாரிக்கு என்னதான் நடக்கிறது?

கொல்கத்தாவிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெட்ராபோல், இந்திய–வங்கதேசத் தரைவழி வணிகத்தில் மிகப் பெரும் பங்கைக் கையாளும் சாவடி. எதிர்ப்புறத்தில் இருப்பது பேனாபோல். 2016-ல் இங்கே ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி முறைப்படி திறக்கப்பட்டது. சுங்கம், குடியேற்றம், பாதுகாப்பு, கிடங்கு ஆகிய அனைத்தும் ஒரே வளாகத்துக்குள் வந்தன. 2024 அக்டோபரில் மைத்ரி துவார் என்ற பெயரில் இரு நாடுகளுக்கும் பொதுவான சரக்கு வாயில் ஒன்றும் திறக்கப்பட்டது.

ஆனால் லாரியின் பயணத்தை அதன் ஓட்டுநரின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். அவர் சரக்கோடு முதலில் எல்லைக்கு முன்னுள்ள பன்காவ் நகரத்தை அடைகிறார். நெடுங்காலமாக அங்கேயுள்ள வாகன நிறுத்தங்களில் முறை வரும் வரை காத்திருப்பதுதான் வழக்கம். நெரிசல் மிகுந்த காலங்களில் அது வாரக்கணக்கில்கூட நீண்டது. காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் லாரி உரிமையாளருக்கு நிறுத்தக் கட்டணம், ஏற்றுமதியாளருக்குத் தாமதக் கட்டணம், ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் சாலையோரச் சமையல். இதைச் சீராக்கவே மேற்கு வங்க அரசு சுவிதா என்ற இணைய முன்பதிவு முறையைக் கொண்டுவந்தது. முறை வந்ததும் லாரி சாவடி வளாகத்துக்குள் நுழைகிறது. கிளியரிங் ஏஜென்ட் எனப்படும் சுங்க முகவர், ஏற்றுமதிக்கான சுங்க ஆவணமான ஷிப்பிங் பில்லை முடித்துக் கொடுக்கிறார். ஓட்டுநருக்கு ஒரு தற்காலிக அனுமதிச் சீட்டு கிடைக்கிறது. அதைக் காட்டிக் கோட்டைக் கடந்து, சில நூறு மீட்டர் தள்ளி இருக்கும் பேனாபோல் கிடங்கு வரை மட்டுமே அவர் செல்லலாம். அங்கே மூட்டைகளும் பெட்டிகளும் இந்திய லாரியிலிருந்து இறக்கப்பட்டு, வேறொரு நாளில் வங்கதேச லாரியில் ஏற்றப்படுகின்றன. வெறும் லாரி திரும்பி வருகிறது.

உலக வங்கி 2021-ல் வெளியிட்ட ஆய்வு, இந்த எல்லையைக் கடக்கப் பல நாட்கள் ஆவதாகவும், இதே அளவு போக்குவரத்துள்ள கிழக்கு ஆப்பிரிக்க எல்லைகளில் ஆறு மணி நேரத்துக்குள் பணி முடிந்துவிடுவதாகவும் குறிப்பிட்டது. இரண்டு பக்கமும் நல்ல சாலை போட்டாலும், நடுவில் சரக்கை இறக்கி ஏற்றும் வழக்கம் நீடிக்கும் வரை இந்த வேறுபாடு குறையாது. பழமும் மீனும் ஏற்றி வருபவருக்கு இது வெறும் புள்ளிவிவரமன்று. கண்ணெதிரே அழுகும் முதலீடு.

நான்கு நாடுகளும் மோட்டார் வாகன ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டனவே. அது என்ன ஆயிற்று?

2014 நவம்பரில் காத்மாண்டுவில் நடந்த, தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் உச்சி மாநாட்டில், எட்டு நாடுகளுக்கும் பொதுவான வாகன ஒப்பந்தம் பாகிஸ்தான் உடன்படாததால் நிறைவேறவில்லை. எனவே இந்தியா, வங்கதேசம், பூட்டான், நேபாளம் ஆகிய நான்கும் தனியே பேசி, 2015 ஜூன் 15 அன்று திம்புவில் கையெழுத்திட்டன. ஒரு நாட்டின் பதிவு எண் கொண்ட லாரியும் பேருந்தும் காரும், சரக்கை மாற்றாமல் மற்ற நாட்டுக்குள் செல்லலாம் என்பதே அதன் சாரம். அதே ஆண்டு நவம்பரில் கொல்கத்தாவிலிருந்து டாக்கா வழியாக அகர்தலாவுக்கு ஒரு சரக்கு வாகனம் சோதனை ஓட்டமாகச் சென்றது. வழக்கமான பாதையைவிட ஆயிரம் கிலோமீட்டர் அளவுக்குத் தூரம் குறைந்தது. 2018-ல் டாக்காவிலிருந்து காத்மாண்டுவுக்குப் பேருந்து ஒன்றும் சோதனையாக ஓடியது.

சோதனை ஓட்டங்கள் வெற்றி பெற்றன. வழக்கமான ஓட்டம் தொடங்கவில்லை. காரணம், இவ்வகை ஒப்பந்தங்கள் தலைப்பை மட்டும் முடிவு செய்கின்றன. ஆண்டுக்கு எத்தனை லாரிகளுக்கு அனுமதி, எந்தச் சாலைகளில், என்ன கட்டணம், விபத்து நேர்ந்தால் எந்த நாட்டின் காப்பீடு, கனரக லாரியின் எடையை எதிர்நாட்டின் பாலம் தாங்குமா என்பவை எல்லாம் பின்னிணைப்பு நெறிமுறைகளுக்கு விடப்படுகின்றன. அந்த நெறிமுறைகளைத்தான் முடிக்க முடியவில்லை. 2022 மார்ச்சில் டெல்லியில் கூடிய அதிகாரிகள், பூட்டான் இல்லாமல் மற்ற மூன்று நாடுகளும் முன்செல்வதற்கான புரிந்துணர்வு வரைவை இறுதி செய்தனர். எட்டு பக்கத்துக்குக் கையெழுத்திட்டு, எண்பது பக்கத்தைப் பேசாமல் வைத்தால் ஓட்டுநருக்கு ஒரு பயனும் இல்லை.

பூட்டான் ஏன் விலகி நின்றது? அது தவறல்லவா?

தவறு என்று சொல்வது நியாயமன்று. பூட்டானின் கீழவை ஏற்ற ஒப்பந்தத்தை மேலவையான தேசிய கவுன்சில் 2016-ல் நிராகரித்தது. மலைச் சாலைகளில் அண்டை நாட்டு லாரிகள் பெருகினால் புகையும் நெரிசலும் கூடும், உள்ளூர் லாரிக்காரர்களின் பிழைப்பு கெடும் என்பவை அங்கே எழுந்த கவலைகள். நாட்டின் பரப்பில் குறைந்தது 60 சதவீதம் காடாக இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதி வைத்த நாடு அது. 2017-ல், தனக்காகக் காத்திருக்காமல் மற்ற மூன்று நாடுகளும் தொடங்கலாம் என்று பூட்டானே சொல்லிவிட்டது.

பூட்டான் எல்லா இணைப்பையும் மறுத்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2019-ல் பூட்டானின் கருங்கல் ஜல்லி லாரிகளில் அசாமின் துப்ரிக்கு வந்து, அங்கிருந்து கப்பலில் பிரம்மபுத்திரா வழியாக வங்கதேசத்தின் நாராயண்கஞ்சை அடைந்தது. 1,000 டன் சரக்கு ஒரே கப்பலில் சென்றது. 2020-ல் வங்கதேசத்துடன் முன்னுரிமை வணிக ஒப்பந்தமும், 2023-ல் ஒரு நாட்டின் வழியே மற்றதன் சரக்கு கடந்து செல்வதற்கான கடப்பு ஒப்பந்தமும் செய்துகொண்டது. தன் சாலைக்குப் பொருந்தாததை மறுத்து, ஆற்றுக்குப் பொருந்தியதை ஏற்றுக்கொண்ட இந்த அணுகுமுறையில் பெரிய நாடுகளுக்கும் பாடம் இருக்கிறது.

கடலே இல்லாத நேபாளத்துக்குக் கடல்வழி வணிகம் எப்படி நடக்கிறது? அதற்குச் சட்ட உரிமை உண்டா?

உண்டு. 1982-ன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, 125-ஆம் பிரிவில், நிலம் சூழ்ந்த நாடுகளுக்குக் கடலை அடையும் உரிமையையும் இடைநாட்டின் வழியே கடந்து செல்லும் சுதந்திரத்தையும் தருகிறது. ஆனால் அதே பிரிவு, அந்தக் கடப்பின் நிபந்தனைகளைச் சம்பந்தப்பட்ட நாடுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்கிறது. எனவே உரிமை தாளில் இருந்தாலும், நடைமுறை அண்டை நாட்டின் மனநிலையைப் பொறுத்தது.

நேபாளத்தின் கன்டெய்னர்கள் பெரும்பாலும் கொல்கத்தாவிலும், 2016-க்குப் பின் விசாகப்பட்டினத்திலும் இறங்குகின்றன. கொல்கத்தாவிலிருந்து ரயிலில் ரக்சௌல் வழியாக, எல்லைக்கு அப்பால் பீர்கஞ்ச் அருகேயுள்ள சிர்சியா உலர் துறைமுகத்துக்கு (கடலிலிருந்து விலகி உள்நாட்டில் அமைந்த கன்டெய்னர் நிலையத்துக்கு)ச் செல்ல 700 கிலோமீட்டர் அளவு தூரம். பழைய முறையில் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனி ஆவணக் கட்டு தேவைப்பட்டது. கொல்கத்தாவில் ஒரு சரிபார்ப்பு, எல்லையில் மறுபடி சரிபார்ப்பு. வழியில் சரக்கு இந்தியச் சந்தையில் கசிந்துவிடக் கூடாது என்ற ஐயமே இதற்குக் காரணம். பின்னர் மின்னணுக் கண்காணிப்பு முறை வந்தது. கன்டெய்னரின் கதவில் செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் பூட்டு மாட்டப்படுகிறது. வழியில் யாராவது திறக்க முயன்றால் சுங்கத்துக்குத் தகவல் போகிறது. அதனால் எல்லையில் நிறுத்திப் பார்க்கும் வேலை குறைந்தது. கோடிக்கணக்கில் செலவிட்டு அமைத்த வளாகங்களைவிட, உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பூட்டு நேபாள வணிகருக்கு அதிகம் உதவியிருக்கிறது என்றே கருதுகிறேன்.

நம்பிக்கை முறிந்தால் என்ன ஆகும் என்பதையும் நேபாளம் அறியும். 1989-ல் இந்தியாவுடனான வணிகம், கடப்பு ஒப்பந்தங்கள் காலாவதியானபோது பெரும்பாலான எல்லைச் சாவடிகள் மூடப்பட்டன. 2015-ல், புதிய அரசியலமைப்புக்குப் பின் எழுந்த கிளர்ச்சியின்போது எல்லை மாதக்கணக்கில் முடங்கியது. அதே ஆண்டு நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்கள் அந்தக் குளிர்காலத்தில் சமையல் எரிவாயுவும் மருந்தும் இன்றித் தவித்தார்கள். அதன் பின்னரே நேபாளம் சீனாவுடன் 2016-ல் கடப்பு ஒப்பந்தம் செய்து, 2019 நெறிமுறையில் தியான்ஜின், ஷென்சென் உள்ளிட்ட நான்கு துறைமுகங்களைப் பெற்றது. இமயமலையைத் தாண்டி அத்தனை தொலைவு செல்வது கொல்கத்தாவுக்கு மாற்றாகாது. மாற்று வழி என்ற பெயரே நேபாளத்துக்குத் தேவைப்பட்டது. அதே 2019-ல் பீகாரின் மோத்திஹாரியிலிருந்து நேபாளத்தின் அம்லேக்கஞ்சுக்கு 69 கிலோமீட்டர் பெட்ரோலியக் குழாய் திறக்கப்பட்டது. டேங்கர் லாரிகளின் வரிசையை நம்பியிருந்த நாட்டுக்கு அது உண்மையான ஆறுதல்.

ரயிலும் ஆறும் இருக்கும்போது லாரிகளைப் பற்றியே ஏன் பேச்சு?

நியாயமான கேள்வி. கனமான சரக்குக்கு ரயிலும் படகும் மலிவு. ஆனால் ரயிலில் தடத்தின் அகலம் குறுக்கே வருகிறது. இந்தியாவில் பிராட் கேஜ் எனப்படும் அகலத் தடம். வங்கதேசத்தில் ஜமுனா ஆற்றுக்கு மேற்கே பெரும்பாலும் பிராட் கேஜ், கிழக்கே பெரும்பாலும் அதைவிடக் குறுகலான மீட்டர் கேஜ். இரு அகல ரயில்களும் ஓடும்படி இரட்டை அகலத் தடங்களாக மாற்றும் பணி நடந்து வருகிறது. 2023 நவம்பர் 1 அன்று தொடங்கி வைக்கப்பட்ட அகர்தலாவுக்கும் வங்கதேசத்தின் அகௌராவுக்கும் இடையிலான 12.24 கிலோமீட்டர் ரயில் இணைப்பு, மிகச் சிறியதாயினும் பெரிய சுற்றைக் குறைக்கக்கூடியது; ஆனால் அதில் வழக்கமான சேவை உடனே தொடங்கவில்லை.

துறைமுக வழியும் உண்டு. வங்கதேசத்தின் சட்டோகிராம் (முன்பு சிட்டகாங்), மோங்லா துறைமுகங்களை இந்திய வடகிழக்குக்குப் பயன்படுத்த 2018-ல் ஒப்பந்தமானது. 2020 ஜூலையில் நான்கு கன்டெய்னர்கள் இரும்புக் கம்பியையும் பருப்பையும் சுமந்து கொல்கத்தாவிலிருந்து கப்பலில் சட்டோகிராம் சென்று, அங்கிருந்து சாலை வழியே அகர்தலா வந்தன. திரிபுராவின் சப்ரூமையும் வங்கதேசத்தின் ராம்கரையும் இணைக்க, ஃபேனி ஆற்றின் மேல் 1.9 கிலோமீட்டர் மைத்ரி பாலம் 2021 மார்ச்சில் திறந்து வைக்கப்பட்டது. பாலம் திறந்த பின்னரும் சரக்கு ஓடத் தேவையான சாவடியும் விதிகளும் தயாராக இல்லை.

இதற்கெல்லாம் யார் பணம் தருகிறார்கள்?

நாடுகளின் சொந்த நிதியோடு, ஆசிய வளர்ச்சி வங்கியின் செயலக உதவியில் 2001 முதல் இயங்கும் தெற்காசியத் துணை வட்டாரப் பொருளாதார ஒத்துழைப்புத் திட்டம் முக்கியமானது. நான்கு நாடுகளோடு தொடங்கிய அதில் 2014-ல் இலங்கையும் மாலத்தீவும், 2017-ல் மியான்மரும் சேர்ந்தன. உலக வங்கி 2022 ஜூனில் வங்கதேசத்துக்கும் நேபாளத்துக்கும் சேர்த்து 103 கோடி டாலர் ஒப்புதல் அளித்தது. இந்தியா, நேபாள எல்லையின் எதிர்ப்புறச் சாவடிகளையும் தன் உதவியில் கட்டித் தந்திருக்கிறது.

வேறெங்காவது இது சரியாக நடந்திருக்கிறதா?

ஆப்பிரிக்காவில் நடந்திருக்கிறது. ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் இடையிலுள்ள சிருண்டுவில் 2009 டிசம்பரில் அக்கண்டத்தின் முதல் ஒரே-நிறுத்த எல்லைச் சாவடி திறக்கப்பட்டது. இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கூரையின் கீழ் அமர்கிறார்கள். லாரி ஒருமுறை மட்டுமே நிற்கிறது. ஒரு நாட்டின் அதிகாரி மற்ற நாட்டின் மண்ணில் தன் சட்டத்தைச் செயல்படுத்துவதற்கு இரு நாடாளுமன்றங்களும் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது, அதைச் செய்தார்கள். கென்யா–உகாண்டா எல்லையிலுள்ள பூசியாவில் 2018-ல் இதே முறை தொடங்கப்பட்டது. உகாண்டாவுக்குச் செல்லும் சரக்கின் வரிக் கணக்கு கென்யாவின் மொம்பாசா துறைமுகத்திலேயே முடிக்கப்படுவதால், எல்லையில் பார்க்க வேண்டியது குறைவு. நம்மைவிட வருவாய் குறைந்த நாடுகள் செய்து காட்டியதை, நமக்கு வசதியில்லை என்று தள்ளிவைக்க முடியாது.

2024-க்குப் பிறகு நிலைமை பின்னோக்கிச் சென்றதாகச் சொல்கிறார்களே?

உண்மைதான். வங்கதேசத்தில் 2024-ல் ஆட்சி மாறியது. இரு நாடுகளுக்கிடையிலான பயணிகள் ரயில்கள் அந்த ஆண்டு ஜூலையிலேயே நின்றன. 2025 ஏப்ரலில், வங்கதேச ஏற்றுமதிச் சரக்கு இந்தியத் துறைமுகங்கள், விமான நிலையங்கள் வழியே மூன்றாம் நாடுகளுக்குச் செல்ல 2020-ல் தந்த வசதியை இந்தியா விலக்கிக்கொண்டது. நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் செல்லும் சரக்குக்கு இது பொருந்தாது. அதே மாதம் வங்கதேசம் தரைச் சாவடிகள் வழியே இந்திய நூல் இறக்குமதியை நிறுத்தியது. மே மாதம் இந்தியா, வங்கதேச ஆயத்த ஆடைகளைக் கொல்கத்தா, மும்பை அருகேயுள்ள நவசேவா ஆகிய துறைமுகங்கள் வழியே மட்டும் அனுமதித்தது. இருபது ஆண்டுகள் பேசிப் பேசிச் சேர்த்ததை இரு தரப்பும் சில வாரங்களில் சுற்றறிக்கைகளால் தளர்த்தின. எந்தத் தரப்பு முதலில் தொடங்கியது என்ற வாதம் அவரவர் தலைநகரில் நடக்கட்டும். நடுவில் நின்றது ஏற்கெனவே புறப்பட்டிருந்த லாரிகள்.

தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இதில் என்ன தொடர்பு?

நூற்பாலைகள் நிறைந்த தமிழ்நாட்டுக்கு வங்கதேச ஆடைத் தொழில் ஒரு சந்தை. தரைவழி அடைபட்டால் நூல் கடல்வழிக்குத் திரும்ப வேண்டும். வங்கதேசத்தின் கன்டெய்னர்களில் கணிசமானவை கொழும்பில் கப்பல் மாறுவதால், பெட்ராபோலில் நிகழும் மாற்றம் கொழும்புத் துறைமுகத்திலும் உணரப்படக்கூடியது.

லாரிகள் நிற்காமல் சென்றால் எல்லையை நம்பிப் பிழைப்பவர்கள் என்ன ஆவார்கள்?

திட்ட அறிக்கைகளில் மிகக் குறைவாகப் பேசப்படும் கேள்வி இது. பெட்ராபோலிலும் பேனாபோலிலும் சுமை தூக்குவோர், கிளியரிங் ஏஜென்டுகளின் உதவியாளர்கள், நிறுத்தக் காவலர்கள், சாலையோர உணவுக் கடைக்காரர்கள் ஆகியோரின் வருமானம் அந்தத் தாமதத்திலிருந்தே வருகிறது. சரக்கு மாற்றும் முறை ஒழிந்தால் முதலில் வேலை இழப்பவர்கள் அவர்கள்தான். சாலை அகலமாவதற்கும் விலை உண்டு. பெட்ராபோலுக்குச் செல்லும் ஜெசூர் சாலையில் ஐந்து ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 பழமையான மரங்களை வெட்டும் திட்டத்தை எதிர்த்து ஜனநாயக உரிமைகள் பாதுகாப்புச் சங்கம் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2023-ல் நீதிமன்றம் வெட்ட அனுமதித்தது.

இவை பெருவழியே வேண்டாம் என்பதற்கான காரணங்கள் ஆகா. ஆனால் சாவடி வளாகத்துக்கும் சாலைக்கும் ஒதுக்கும் கடனில், சுமை தூக்குவோர்க்குக் கிடங்கு இயந்திரப் பயிற்சியும் இடைக்கால ஊதியமும் ஒரு தனித் தலைப்பாக இருக்க வேண்டும். லாரிகள் மறுபுறம் தடையின்றிச் செல்லத் தொடங்கும் நாளுக்கு முன்பே அந்தப் பணம் அவர்கள் கைக்கு வந்து சேர வேண்டும்.